அப்ப நான் வரேன் சார்

அலமேலு தைலக் கம்பெனி கை மாறிவிட்டது என்ற செய்தி, அதில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. வில்லியனூர் டீக்கடைகளில் தெரிந்திருந்தது. பாகூர் பஸ் கண்டக்டருக்குத் தெரிந்திருந்தது. "இன்னாம்மா, உங்க கம்பெனிய எவனோ வடக்கத்திக்காரன் வாங்கிட்டானாமே?" என்று அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டபோதுதான் மரிய செலினுக்கு விஷயம் தெரிந்தது. தைலக் கம்பெனிப் பெண்களைக் கண்டக்டர்கள் அடையாளம் கேட்கவே வேண்டாம். அவர்கள் ஏறினால் பஸ் முழுக்கத் தைல வாசனை அடிக்கும். சளி பிடித்த பயணிகள் கூச்சப்படாமல் நகர்ந்து வந்து பக்கத்தில் நின்றுகொள்வார்கள்.

செலின் அந்தக் கம்பெனியில் மூடி போடும் பிரிவில் இருந்தாள். கல்யாணமான வருஷம் சேர்ந்தவள். கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் கம்பெனி, அங்கிருந்து பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளி வீடு. அவள் புருஷன் பவுல்ராஜ் தேர்த் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சீரியல் பல்பு கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் மாதா தேர் எது வந்தாலும் அதில் எரிகிற பல்பு அவருடையதாகத்தான் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறார். அதற்கான செலவு முழுவதும் செலினுடைய கம்பெனி காப்பீட்டு அட்டையில் ஓடியது. அவள் மூடி போடுகிற வரைக்கும் அவர் மூச்சு விடலாம் என்பதுதான் அந்த வீட்டின் ஏற்பாடு. இதை யாரும் இப்படி உடைத்துச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

கம்பெனியை ஒப்படைக்கும் விழாவுக்கு வாசலில் வாழைமரம் கட்டினார்கள். பந்தல் போட்டார்கள். நாதஸ்வரம்கூட வந்திருந்தது. பழைய முதலாளி பட்டு வேட்டி கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"நான் கம்பெனிய விக்கலை. அந்த வார்த்தையே எனக்குப் புடிக்காது. வயசுக்கு வந்த பொண்ண எத்தினி நாளைக்கு வூட்லயே வெச்சிக்கினு இருக்கிறது? நல்ல எடமா பார்த்துக் கட்டிக் குடுக்கிறேன். நீங்க அத்தினி பேரும் யாரு தெரியுமா? அந்தப் பொண்ணு கூட நான் அனுப்புற சீர்வரிசை!"

குத்துவிளக்கு, பித்தளைக் குடம் வரிசையில் தங்களையும் சேர்த்துவிட்டதைக் கேட்டு எல்லோரும் கை தட்டினார்கள். செலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விருத்தாம்பாள், பாட்டிலில் தைலம் நிரப்புகிறவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "பொண்ணையும் குடுத்துட்டுப் பணத்தையும் வாங்கினு போற அப்பன இன்னிக்குத்தாண்டி பாக்கறேன்."

வாங்கின கம்பெனிக்குப் பெயர் ஹார்மோவியா. அதன் சார்பில் பேச வந்தவர் சிவப்பிரகாசம். பெற்றோர் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான் என்றாலும் புனேயில் பிறந்து வளர்ந்தவர். தன்னை 'ஷிவ்' என்று கூப்பிடச் சொன்னார். யாருக்கும் நாக்கு வளையவில்லை. ஷிவ் சார் என்று ஆரம்பித்து, சிவா சார் ஆகி, கடைசியில் எல்லோரும் 'சார்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவருடைய பதவியின் பெயர் 'மாற்ற வழித்துணை'. மேடையில் அவர் மேலிடத்திலிருந்து வந்திருந்த தமிழை அப்படியே வாசித்தார்.

"ஹார்மோவியாவின் வரலாற்றில் ஓர் ஊழியரைக்கூட நாங்கள் வேலையை விட்டு நீக்கியதில்லை. வராமல் போனவர்கள் உண்டு. அது அவர்களுடைய விருப்பம். விருப்பத்தை நாங்கள் எப்போதும் மதிக்கிறோம்."

அப்போது பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். அதனால் அந்த வாக்கியத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து புது வாழ்வு தொடங்கியது. முதல் வேலையாகக் கம்பெனியில் இருந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் மதிப்பு அச்சடித்த வில்லை ஒட்டினார்கள். பாய்லருக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, தண்ணீர்ப் பானைக்கு ஒன்று. மூடி போடும் பிரிவுச் சுவரில் ஒரு பலகை அடித்துப் பிள்ளையார் படமும் லூர்து மாதா படமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நெற்றியிலேயே வில்லை ஒட்டினார்கள். அதில் 'மதிப்பு: இல்லை' என்று அச்சடித்திருந்தது. கணக்குக்காகத்தான் என்று சிவப்பிரகாசம் சமாதானம் சொன்னார். செலின் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நல்ல பசை, வரவில்லை.

அடுத்து, 'தலைவலி' என்ற சொல்லைக் கம்பெனி வளாகத்துக்குள் தடை செய்தார்கள். அது எதிர்மறையாம். இனிமேல் 'நெற்றிச் சூழல்' என்று சொல்ல வேண்டும். தைலத்துக்கும் 'நெற்றி அனுபவம்' என்று பெயர் மாற்றினார்கள். திருக்கனூர் சந்தையில் தைலம் போடும் ஏஜென்ட் போன் பண்ணி, "அனுபவம் எத்தினி பெட்டி வேணும்னு கடைக்காரனாண்ட எப்பிடிம்மா கேக்கிறது?" என்று அழாத குறையாகப் புலம்பினார்.

அதைவிடக் கொடுமை காலை 'நன்றி வட்டம்'. வேலை தொடங்கும் முன்னால் எல்லோரும் கை கோர்த்து நின்று, கம்பெனிக்கு நன்றி சொல்ல ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். முதல் வாரம் சம்பளம், காற்று, குடிதண்ணீர் என்று ஓடியது. அப்புறம் சரக்கு தீர்ந்துபோனது. பாய்லர்காரர் சுப்பராயலு கொஞ்சம் வாய்த்துடுக்கு. வால்வு ஒழுகுகிறது, மாற்றுங்கள் என்று பழைய முதலாளி காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் தன் முறை வந்தபோது, "இன்னிக்கும் பாய்லர் வெடிக்கல சார், அதுக்கு நன்றி" என்றார். பாய்லரின் பாதுகாப்பு குறித்து ஊழியர் முழு மனநிறைவு தெரிவித்தார் என்று அதை மேலே அனுப்பினார்கள். வால்வு மாற்றும் கோரிக்கை அன்றே முடித்துவைக்கப்பட்டது.

இப்படியே போயிருந்தால்கூடச் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஒருநாள் தைலம் காய்ச்சுவதைக் குஜராத்தில் இருக்கும் பெரிய ஆலைக்கு மாற்றப்போகிறோம் என்று அறிவித்தார்கள். இதற்கு 'விரிவாக்கம்' என்று பெயர். ஒவ்வோர் ஊழியருக்கும் மூன்று பாதைகள் திறந்திருக்கின்றன என்றார் சிவப்பிரகாசம். முதலாவது 'வருகை': குஜராத்துக்கு வந்து வேலையைத் தொடரலாம். இரண்டாவது 'விடை': சொந்த விருப்பத்தில் விலகிக்கொள்ளலாம். மூன்றாவது 'இருப்பு': இங்கே ஒரு சின்ன கிடங்கு இருக்கும், வீட்டில் நோயாளிகள் உள்ளவர்கள் அதில் தங்கலாம், அட்டையும் தொடரும்.

மூன்றாவதைக் கேட்டதும் செலினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இதையெல்லாம் காகிதத்தில் எழுதி வாங்கவில்லை. ஹார்மோவியாவில் காகிதம் கிடையாது, மரங்களின் மேல் அவ்வளவு இரக்கம். ஆளுக்கொரு நேரம் கொடுத்து அறைக்குள் கூப்பிட்டார்கள். மேஜையின் மேல் வெள்ளையாக, வட்டமாக, வடைத்தட்டு அளவில் ஒரு கருவி. அதற்குப் பெயர் செவி. கதவைத் திறந்து உள்ளே வந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். நீங்கள் மனம் திறந்து பேசுங்கள், செவி கேட்டுக்கொள்ளும் என்றார் சிவப்பிரகாசம்.

செலின் மனம் திறந்தாள். பவுல்ராஜுக்கு எப்போது கால் வீங்கத் தொடங்கியது, எந்த டாக்டர் என்ன சொன்னார், தண்ணீரை அளந்து குடிக்கிற மனுஷன் வெயில் காலத்தில் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, வீட்டில் வேறு ஆள் இல்லாதது, எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்குப் பதவி கிதவி எதுவும் வாணாம் சார். கிடங்குல கூட்டிப் பெருக்கற வேலைன்னாலும் சரி. அவர உட்டுட்டு என்னால எங்கியும் போவ முடியாது. நான் இங்கியே இருக்கணும்."

சிவப்பிரகாசம் உண்மையாகவே கலங்கித்தான் போனார். "இருப்பு உங்களுக்குன்னே வெச்சதும்மா. கவலைப்படாம போங்க" என்றார்.

செலின் எழுந்து கும்பிட்டாள். கதவருகில் போய், நன்றி போதாதோ என்று தோன்ற, திரும்பி இன்னொரு தடவை கும்பிட்டுச் சொன்னாள்: "அப்ப நான் வரேன் சார்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பச்சை விளக்கு அணைந்தது.

வீட்டில் பவுல்ராஜிடம் சொன்னபோது அவர், "பெருக்கற வேலைன்னா நம்ம வூட்டையும் கொஞ்சம் பெருக்கேன்டி" என்று கேலி பண்ணினார். அன்றைக்கு அவர் முகத்தில் வீக்கம்கூடக் குறைந்திருந்த மாதிரி அவளுக்குப் பட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியில், மெஷின் இருக்கிற அறைக் கதவுக்கு முன்னால் நின்று திரும்பி, எப்போதும் போல "வரேன்" என்றார். எப்போதும் போல இவள் "வாங்க" என்றாள். போறேன் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அவருக்கு உடம்பு கெட்ட பிறகு, கடைக்குப் போகிறவர்கள்கூட அதைச் சொல்வதில்லை.

அடுத்த திங்கட்கிழமை எல்லோரையும் பந்தலுக்குக் கூப்பிட்டு கேக் வெட்டினார்கள். திரையில் பெரிதாக 'நூறு சதவீதம்' என்று வந்தது. சிவப்பிரகாசம் மேலிடத்துச் செய்தியை வாசித்தார். "உலகில் எத்தனையோ நிறுவனங்களை நாங்கள் அணைத்துக்கொண்டிருக்கிறோம். இப்படியொரு பாசத்தை எங்குமே கண்டதில்லை. அலமேலு குடும்பத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் குஜராத்துக்கு வருவதாகத் தம் சொந்த வாயால் கூறியிருக்கிறார்கள்."

கேக் துண்டு செலினின் கையிலேயே இருந்தது.

"நான் எங்க சார் வரேன்னு சொன்னேன்?" என்று சுப்பராயலு எகிறினார். "எனக்கு இந்தப் பக்கம் கரும்பு நிக்குது. வயசான அம்மா கீது. கிடங்குலதான் இருப்பேன்னு தலையில அடிச்சி சொன்னேனே!"

அவருடைய குரலை ஒலிபரப்பினார்கள். சுப்பராயலுவின் குரல்தான், சந்தேகமே இல்லை. "சரி சார், வரட்டுமா?" என்றது. அதற்குக் கீழே செவி தன் முடிவைக் காட்டியிருந்தது: 'மிகு விருப்பம். வருவதற்கு அனுமதி வேண்டுகிறார்.'

விருத்தாம்பாளுடையது, "போய்ட்டு வரேன் சாமி." முடிவு: 'முதலில் சென்று பார்த்துவிட்டுப் பிறகு வருவார்.' செலினுடையது ஒலித்தபோது அவளுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. எவ்வளவு சந்தோஷமான குரல்! "அப்ப நான் வரேன் சார்."

அவள் சிவப்பிரகாசத்தின் அறைக்கு ஓடினாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அது கெளம்பும்போது சொல்றது சார். எங்கூர்ல போறேன்னு சொல்ல மாட்டாங்க. சொன்னா ஆவாது. போறதுக்குத்தான் வரேன்னு சொல்றது."

"தெரியும்மா" என்றார் அவர். "எங்க அம்மா புனேயிலயும் அப்படித்தான் சொல்லச் சொல்வாங்க. ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லி அடி வாங்கியிருக்கேன்."

"அப்ப உங்களுக்குப் புரியுதில்ல சார்?"

"மனுஷனா எனக்கு நல்லாப் புரியுது. அதிகாரியா புரிஞ்சுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

பிறகு அவர் செவியின் தத்துவத்தை விளக்கினார். மனிதர்கள் பேச்சைத் தொடங்கும்போது மரியாதைக்காகப் பேசுகிறார்கள், நடுவில் பயத்தில் பேசுகிறார்கள், கதவருகே போய்த் திரும்பிச் சொல்கிற கடைசி வாக்கியத்தில்தான் மனதில் உள்ளதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் ஆராய்ந்து கண்டுபிடித்ததாம். ஆகவே செவி கடைசி வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மற்றதையெல்லாம், ஊழியரின் அந்தரங்கத்தை மதித்து அழித்துவிடும்.

"அவரோட ஒடம்பப் பத்திச் சொன்னது?"

"அது உங்க அந்தரங்கம்மா. மதிச்சு அழிச்சாச்சு."

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. ஹார்மோவியாவில் வழி இல்லாதது எதுவுமே இல்லை. அதே அறை, அதே செவி, 'மறு செவிமடுப்பு' என்று பெயர். சாப்பாட்டுக் கொட்டகையில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் ஒத்திகை பார்த்தார்கள். வரேன் என்று சொல்லாமல் ஓர் அறையை விட்டு வெளியே வருவது எப்படி? கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய் லேசில் கேட்பதாயில்லை. எழுந்து நின்றாலே வந்துவிடுகிறது.

"போறேன்னு சொல்லிட்டு வந்துடுக்கா" என்று செலின் சொல்லிப் பார்த்தாள்.

"அடி போடி. எங்க வூட்டுக்காரரு ஒருநாளு கோவத்துல அப்பிடித்தான் போறேன்னுட்டுப் போனாரு. ஏரிக்கரையில லாரி அடிச்சித் தூக்கினு வந்தாங்க" என்றாள் விருத்தாம்பாள். "நான் மரியாதையா வேற ஒண்ணு வெச்சிருக்கேன்."

மறுநாள் அவள் போய், எல்லாம் பேசி முடித்து, கதவருகில் நின்று, அந்தக் காலத்துப் பெரிய மனுஷர்களிடம் விடைபெறுகிற மாதிரி, "உத்தரவு வாங்கிக்கிறேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள். செவியின் முடிவு: 'உத்தரவை ஏற்றுக்கொண்டார்.'

பண்டகசாலை பிரிட்டோ தந்திரக்காரன். "நான் இங்கியே இருக்கேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வெளியே வந்தான். செவிக்குக் காது அவன் நினைத்ததைவிடக் கூர்மை. 'இருப்பதாகக் கூறிவிட்டு நடந்து செல்லும் ஒலி கேட்கிறது. சொல்லும் செயலும் முரண்.' நேர்மைக் குறைவுக்காக அவன் மேல் விசாரணை வைத்தார்கள்.

சுப்பராயலுவுக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே போனவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "நீங்களும் ஆச்சு, உங்க அனுபவமும் ஆச்சு. நான் போறேன்!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். அது மட்டும் செவிக்கு ஒரு குழப்பமும் இல்லாமல் விளங்கியது. 'விடை.' அவர் பாய்லர் அறைக்குத் திரும்பி வருவதற்குள் கேட்டில் அவருடைய அடையாள அட்டை செத்துவிட்டிருந்தது. சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தனுப்பினார்கள்.

செலின் இதையெல்லாம் பார்த்துப் பார்த்து யோசித்தாள். இருக்கேன் என்று சொன்னால் போதாது, இருக்கவும் வேண்டும். கதவு சாத்தினால்தான் செவி கணக்கை முடிக்கும். கதவைத் தான் சாத்தினால்தானே வம்பு? தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது. வேறு யாராவது எழுந்து போய்ச் சாத்தட்டும்.

அவள் முறை வந்த நாள் பவுல்ராஜின் ஆஸ்பத்திரி நாளாகவும் அமைந்தது. "நான் பஸ்ல போய்க்கிறேன். நீ அங்க குந்திக்கினு இரு. எந்திரிச்சே, தொலைஞ்சே" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றார் அவர்.

அறைக்குள் செலின் உட்கார்ந்தாள். "இருக்கேன் சார்" என்றாள்.

சிவப்பிரகாசம் காத்திருந்தார். அவள் அப்படியே இருந்தாள். மத்தியானம் ஆனது. அவர் தன் டப்பாவைத் திறந்து அதில் பாதியை அவள் பக்கம் தள்ளினார். அவள் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பவுல்ராஜின் ஞாபகம் வரும். அன்றைக்கும் வந்தது.

"நான் இருந்த கம்பெனியையும் இவங்கதாம்மா வாங்கினாங்க" என்று சிவப்பிரகாசம் தானாகவே பேச ஆரம்பித்தார். "என்னையும் இந்த மாதிரி ஒரு ரூம்ல உக்காரவெச்சாங்க. கடைசியா என்ன சொல்லிட்டு வந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் ஊர் ஊரா இந்த வேலை. வழித்துணைன்னு பேர் வெச்சிருக்காங்க. சுடுகாடு வரைக்கும் கூட வர்றவனுக்கும் அதுதானே பேரு?"

செவி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் சங்கு ஊதியது. சிவப்பிரகாசம் பையை எடுத்தார். மின்விசிறியை நிறுத்தினார். பிறகு அவர் செய்த காரியம் செலினுக்குக் கடைசிவரை மறக்கவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்தார். செவியைக் காட்டினார். தன்னைக் காட்டி, கதவைக் காட்டி, சாத்துவது போலக் கையால் செய்தார். இந்தக் கதவைத் தானே சாத்தப்போகிறார்! செலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பலிபீடத்துக்கு முன்னால் வாசகம் வாசிக்கிற மாதிரி நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள்: "நான், இங்க, இருக்கேன் சார்."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நுனிக்காலில் நடந்து கதவைத் திறந்தார். வாசற்படியைத் தாண்டினார். தாண்டியவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண்பிள்ளை பசியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர்கள் சொல்லி வளர்த்த வாய், அதற்கு அதிகாரமும் தெரியாது, அறிவும் கிடையாது.

"அப்ப நான் வரேம்மா" என்றார் சிவப்பிரகாசம்.

ஸ்பிரிங் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பச்சை விளக்கு அணைந்தது.

மறுநாள் முடிவு வந்தது. 'மரிய செலின்: வருகை. இரண்டாம் முறையும் உறுதி செய்தார்.' அது தன் குரல் என்று சிவப்பிரகாசம் மேலே சொல்லிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். மேலிடம் பதில் சொன்னது: ஆண் குரல், பெண் குரல், அதிகாரி குரல், தொழிலாளி குரல் என்று செவி பேதம் பார்ப்பதில்லை, சமத்துவம் நமது அடிப்படைக் கொள்கை. வேறொரு ஊரில் வேறொரு கம்பெனிக்கு வழித்துணையாக அவரை அனுப்பிவிட்டார்கள். போகிற அன்றைக்கு அவர் செலினிடம் சொல்லிக்கொள்ள வந்தார். வாயைத் திறக்கப் பயந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பவுல்ராஜ் இந்தக் கதையைக் கேட்டு மூச்சு முட்டுகிற வரைக்கும் சிரித்தார். "நல்ல மனுசன்டி பாவம். கெட்டவனா இருந்திருந்தா சொல்லாமலே போயிருப்பான், நீயும் தப்பிச்சிருப்பே" என்றார்.

குஜராத்துக்குப் போகும் பஸ் கம்பெனி வாசலில் வந்து நின்றது. 'சென்று வருக' என்று துணி கட்டியிருந்தார்கள். எல்லோரையும் படிக்கட்டில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்ததும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பஸ் காலியாகப் புறப்பட்டது. டிரைவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், மெயின் ரோடு வரைக்கும் ஹாரனே அடிக்கவில்லை. கம்பெனியைப் பூட்டும்போது 'மதிப்பு: இல்லை' என்று வில்லை ஒட்டியதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்றார்கள். விருத்தாம்பாள் பிள்ளையாரை எடுத்துக்கொண்டாள். செலின் மாதாவை எடுத்துக்கொண்டாள்.

ஹார்மோவியா சொன்ன சொல் தவறவில்லை. ஒருவரையும் நீக்கவில்லை. எல்லோரும் வராமல் போனவர்கள் ஆனார்கள்.

அட்டை நின்றது. பவுல்ராஜ் சீரியல் பல்புகளை விற்றார். வாரத்துக்கு இரண்டு தடவை என்பது ஒன்றாயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்தார்கள். முன்னால் காத்திருந்தவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான், யாரை இடித்துக்கொண்டு முன்னால் போவது? கால் வீங்கியது. பிறகு முகம். செலின் ஒரு செங்கல் சூளைக்குப் போனாள், அங்கே அட்டை கிடையாது. ஒரு வியாழக்கிழமை காலையில் அவரைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கிட்டே போனதும் வண்டி தள்ளுகிறவரை நிறுத்தச் சொல்லி, திரும்பி, "வரேன்" என்றார். "வாங்க" என்றாள் செலின். அந்தத் தடவை அவர் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு வீட்டில் செலின் மட்டும் இருந்தாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் பவுல்ராஜின் படத்தை வைத்து மாலை போட்டிருந்தது. மாதாவின் நெற்றியில் இன்னும் அந்த வில்லை இருந்தது. போன் அடித்தது. இனிமையான பெண் குரல், சுத்தமான தமிழ்.

"வணக்கம், மரிய செலின் அவர்களே. ஹார்மோவியா குடும்பத்திலிருந்து பேசுகிறோம். வருவதாக இரண்டு முறை உறுதியளித்திருந்தீர்கள். இன்னும் வந்து சேரவில்லை. காரணத்தை ஒலிக்குப் பிறகு கூறவும்."

பீப் என்றது.

செலினுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. எதிரே மாலைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத சொல் அவள் வாயில் வந்தது.

"போயிட்டாரு" என்றாள்.

அந்தப் பக்கம் மறுபடி பீப் என்றது. பிறகு குரல் சந்தோஷமாகப் பேசியது.

"நன்றி. நீங்கள் 'விடை'யைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தெளிவாகப் பேசியமைக்குப் பாராட்டுகள். இத்துடன் உங்கள் கணக்கு முடிந்தது."

செலின் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரி அது இரைந்துகொண்டிருந்தது. கடைசியாக, அதற்கும் யாரோ முறையைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது, அந்தக் குரல் சொன்னது:

"போய் வாருங்கள்."